கருவி வாய் திறக்கும் முன்

(திருவான்மியூரில் தமிழன்பர் நடுவே ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விழியிழந்த கல்லூரி மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். விடிந்தால் தேர்வு. இரவு பத்து மணிக்குத் தன் கணிப்பொறியின் விசையை அழுத்துகின்றாள். உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்கின்றது. நாள்தோறும் அரை மணித்துளிக்குள் பேசத் தொடங்கும் குரல் அன்று வரவில்லை. மீண்டும் அணைத்து மீண்டும் இயக்குகின்றாள். விசிறி சுழல்கின்றது, குரல் இல்லை. திரையிலோ, என்ன கெட்டது, எக்கோப்பு கிடைக்கவில்லை என்பதெல்லாம் வெள்ளை எழுத்தில் வரிவரியாக எழுதப்பட்டுள்ளன. பார்வையுள்ள சிறுவன் ஒருவன் அருகிருந்தால் படித்துச் சொல்லிவிடுவான். ஆனால் அவள் தங்கியிருக்கும் விடுதியறையில் வேறெவரும் இல்லை. குறிப்புகள் யாவும் அப்பொறிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. அவள் மூளைக்கு என்ன குறை? பொறி தன் நோயைத் தானே எழுதிக் காட்டுகின்றது; அவளுக்குச் சொல்லத்தான் மறுக்கின்றது.

இன்றைய சொற்பொழிவின் பொருள் இவ்வளவே: பொறி எந்த நொடியிலிருந்து பேசவேண்டும்? எம்மொழியில் பேசவேண்டும்? இவ்விரண்டனுள் முன்னது பொறியியலார்க்கு உரியது. பின்னதில் தமிழ்ப் புலவர்க்கும் பங்குண்டு.

இதனைத் திருவான்மியூரில் பேசுவதற்கு ஓர் ஏது உண்டு. மருந்தீசர் கோயிலும் கலாசேத்திரமும் இருக்கும் இவ்வூரிலேயே, வால்மீகி நகர்ப் பகுதியில், 'வித்யா விருட்சம்' என்னும் தொண்டமைப்பு விழியிழந்தோர்க்குக் கணிப்பொறிப் பயிற்சி அளித்தது. பெயர் வடமொழிப் பெயர். 'கல்வி மரம்' என்று வைத்திருந்தால் நாவுக்கும் இனித்திருக்கும், செலவும் ஆகியிராது. அது நிற்க. அங்குப் பயன்பட்ட மென்பொருள் கிண்டியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கல்யாண கிருட்டிணன் வழிநடத்திய ஆய்வுக்கூடத்தில் உருவானது. 'ஆச்சார்யா' என்பது அப்பணியின் பெயர். இந்திய மொழிகளில் எழுதவும், எழுதியதைப் பொறியே ஒலித்துக்காட்டவும் அவர்கள் வழி கண்டனர்; இலினக்சிலும் அதனை இயங்கச் செய்தனர்.

அப்பணியில் தமிழர் ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அவர்கள் எழுத்தை வடிவத்தால் பிரிக்கவில்லை, அசையால் பிரித்தனர். 'கோ' என்பது அவர்கள் முறையில் ஒரே குறியீடு. இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறியிலோ தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்களே. அவற்றுள்ளும் பல வெற்றிடங்கள். ஆகவே 'கோ' என்பது ககரம் ஒன்று, ஓகாரக்குறி ஒன்று என இரண்டாகப் பிளந்து வைக்கப்படுகின்றது. கண்ணால் காண்பவர்க்கு இதனால் இடரில்லை. திரையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஓரெழுத்தாகவே தோன்றும். எழுத்தெழுத்தாகச் செவியால் படிப்பவர்க்கோ உயிர்மெய்யின் உடல் வேறாகவும் உயிர் வேறாகவும் வந்து விழுகின்றன. எழுத்துப்பிழை பார்க்கின்ற மாணவிக்கு இஃது எத்துணைத் தொல்லை என்பதை வகுப்பறையில் 'சொல்வதெழுதுதல்' நடத்திய எவரும் உணர்வர். அசையே அடிப்படை என்று கொண்ட அவ்வாய்வுக்கூடத்தார் தமிழ் எழுத்திலக்கணத்துக்கு அணுக்கமாக நின்றனர்.

இனி, பொறியின் உட்புறம் புகுவோம்.

கணிப்பொறியை இயக்கியவுடன் முதற்கண் எழுவது, ஆங்கிலத்தார் 'கெர்னல்' என வழங்கும் உள்நிரல். வித்தின் உள்ளிருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். ஈண்டு அதனைக் கருநிரல் என்போம். நினைவகம், விசைப்பலகை, திரை, ஒலியட்டை அனைத்தையும் கட்டியாள்வது கருநிரலே. எழுதும் நிரல், பாடும் நிரல், வலை காட்டும் நிரல் எல்லாம் அதன்மேல் வந்து அமரும் குடிகள். 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டுசு தாம் எழுதிய கருநிரலை உலகுக்கு வெளியிட்டபோது அது ஏறத்தாழ 10,000 வரிகள் கொண்டிருந்தது. இன்று 3 கோடி வரிகளைக் கடந்து நிற்கின்றது. அதன் மூலநிரலை எவரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம்.

விழியிழந்தோர்க்குத் திரையைப் படித்துக்காட்டும் நிரலைத் திரைபடிப்பான் என்பர். பெரும்பாலான திரைபடிப்பான்கள் மேலேறி அமரும் குடிகளே. வணிக நிறுவனம் விற்கும் புகழ்பெற்ற திரைபடிப்பான் ஒன்று நெடுங்காலம் ஆயிரம் அமெரிக்க வெள்ளியை ஒட்டிய விலையில் இருந்தது. கணிப்பொறியின் விலையை விட அதைப் பேசவைக்கும் விலை மிகுதி! பிறவியிலேயே பார்வையற்றோர் செலுத்தும் வரி என்றே இதனைச் சொல்லலாம். 2006-ஆம் ஆண்டு ஆத்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன், இது தாங்காமல், விண்டோசில் இயங்கும் 'என்.வி.டி.ஏ.' என்னும் விலையில்லாத் திரைபடிப்பானைத் தொடங்கினார். அதற்கும் முன்னரே, 1995-இல், பதினான்கு அகவையில் பார்வையிழந்து அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற தி.வி. இராமன் 'ஈமாக்சுபீக்கு' என்னும் பேசும் பணிக்களத்தை வெளியிட்டிருந்தார். இவையெல்லாம் அரும்பணிகள். எனினும் இவை பேசுவது, கருநிரல் எழுந்து, அதன்மேல் பிற நிரல்கள் எழுந்து, யாவும் செவ்வனே நடந்த பின்னரே. இடையில் ஒன்று இடறினால்? விடுதியறை மாணவியின் நிலைதான்.

இக்குறையை நோக்கியே கனடா நாட்டுக் கர்க்கு ரீசர் என்பார் 1990-களின் இறுதியில் 'சுபீக்கப்பு' என்னும் நிரலைத் தொடங்கினார். அது கருநிரலின் மேல் அமரவில்லை, கருநிரலுக்குள்ளேயே புகுந்தது. கருநிரல் எழுத்துமுனையத்தில் ஒரு வரியை எழுதும்போதே அவ்வரியை எடுத்துப் பேச்சாக்கிக்கு அனுப்பியது. பேச்சாக்கி என்பது அந்நாளில் ஒரு தனிப்பெட்டி. தொடர்வாயில் வழியாகக் கணிப்பொறியுடன் இணைக்கவேண்டும். பெட்டியின் விலையும் குறைவன்று. அது பேசியதும் ஆங்கிலம் முதலான சில மொழிகளே. ஆயினும் பொறி விழித்த சில நொடிகளிலேயே முதல் வரிகளைச் செவியில் வாங்க முடிந்தது.

ஆனால் ஓர் இடர்ப்பாடு. பல்லாண்டுகள் சுபீக்கப்பு முறையான கருநிரலின் உறுப்பாக ஏற்கப்படவில்லை. ஒட்டுநிரலாக வெளியே நின்றது. கருநிரலின் மூலத்தை இறக்கி, அதன்மேல் இவ்வொட்டை ஒட்டி, தாமே தொகுத்துக்கொள்ள வேண்டும். பேசுகின்ற கருநிரலைத் தொகுப்பதற்குப் பேசுகின்ற கருநிரல் வேண்டும்! முதற்கருநிரலை யார் தொகுப்பது? பார்வையுள்ளவர் ஒருவர் உதவ வேண்டும். அல்லது முன்னரே பேசும்படி தொகுத்துவைத்த வட்டினை எவரிடமிருந்தாவது பெறவேண்டும். 2011 சனவரியில் வெளியான 2.6.37-ஆம் பதிப்பில்தான் சுபீக்கப்பு கருநிரலுக்குள் இடம்பெற்றது. அதுவும் இன்னும் பழுத்திராத நிரல்களை வைக்கும் திண்ணையில். திண்ணையிலிருந்து வீட்டுக்குள் அழைக்கப்பெற்றது 2020 அத்தோபரில் வெளியான 5.9-ஆம் பதிப்பில். பத்தாண்டுத் திண்ணை வாழ்வு! பார்வையற்றோர்க்கு உலகம் பொதுவாக ஒதுக்கும் இடம் திண்ணைதானே.

தொகுத்தல் என்றால் என்ன, அதனை ஏன் ஒருவர் தம் கையால் செய்யவேண்டும் என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். மூலநிரல் மாந்தர் படிக்கும் வடிவில் இருப்பது. அதனைப் பொறி விளங்கிக்கொள்ளும் வடிவாக மாற்றிக் கட்டுவதே தொகுத்தல். கட்டுமுன், எவ்வெவ் உறுப்புகள் வேண்டும் என்று கருநிரல் ஒரு நீண்ட பட்டியலை நீட்டிக் கேட்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் மூன்று விடைகளுள் ஒன்றைத் தரலாம்: கருவுக்குள்ளேயே வைத்துக் கட்டுக, வேண்டும்போது வந்து சேரும் இணைகூறாக வெளியே வை, தேவையில்லை. கருவிகளின் இயக்கிகள் என்னும் பகுதியில் அணுகுவசதி என்னும் கிளை இருக்கும், அதனுள் சுபீக்கப்பு. 2020-க்கு முற்பட்ட பதிப்பாயின் அந்தத் திண்ணைப் பகுதியில் தேடவேண்டும். அதன்கீழ்ப் பேச்சாக்கிகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். தனிப்பெட்டி வைத்திருப்போர் தம் பெட்டியின் பெயரைத் தேர்வர். பெட்டி இல்லாதோர்க்கு 'மென்பேச்சாக்கி' என்றொரு தேர்வு உண்டு. இன்று ஏறத்தாழ எல்லாரும் கொள்வது இதனையே.

மென்பேச்சாக்கியைத் தேர்ந்தால் நடப்பது யாது? கருநிரல் தானே ஒலிப்பதில்லை. திரையில் எழும் வரியை ஒரு கோப்பின் வாயிலில் கொண்டுவந்து வைக்கின்றது. அவ்வாயிலில் காத்திருக்கும் சிறுநிரல் ஒன்று அதனை எடுத்து 'ஈசுபீக்கு' என்னும் குரல்நிரலிடம் கொடுக்கின்றது. ஈசுபீக்கு ஒலியட்டை வழியே பேசுகின்றது. படிப்பது உள்ளே, பேசுவது வெளியே. ஆகவே ஒலியட்டையின் இயக்கி எழுந்த பின்னரே இக்குரல் வரும். கருநிரலே இடறி வீழ்ந்தால் இக்குரலும் உடன் வீழும். தனிப்பெட்டிக்கு இருந்த முதல்நொடிக் குரல் இதற்கு இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆயினும் வரைகலைத் திரை எழாமற்போன நாளில், எழுத்துமுனையத்தில் நின்று நோய் என்னவென்று கேட்டறிந்து மருந்திட இது போதும். பலமுறை கெடுவது அவ்வரைகலைத் திரைதான்.

தொகுப்போர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பொறியில் இப்பொழுது இயங்கும் கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் களைந்துவிடு என்று பணிக்கும் கட்டளை ஒன்றுண்டு. தொகுக்கும் காலத்தை அது பெரிதும் குறைக்கும். ஆனால் அந்நேரத்தில் செவிப்பொறியைக் கழற்றி வைத்திருந்தால், அதன் இயக்கியும் தேவையற்றதென்று களையப்படும்! பார்வையுள்ளவர்க்கு அது சிறு தொல்லை; ஏனையோர்க்கு அதுவே முழு ஊமைத்தனம். எனவே கட்டளை இடுமுன் கேட்கும் கருவிகள் அனைத்தையும் பொருத்திவிடுக. அடுத்து, தொடக்கவரியில் 'சுபீக்கப்பின் பேச்சாக்கி மென்பேச்சாக்கியே' என்று எழுதிவைக்க மறவாதீர்கள். பழைய கருநிரலை அழிக்காதீர்கள். தொடக்கப் பட்டியலில் புதியதன் கீழ் அது நிற்கட்டும். அத்தொடக்கப் பட்டியல் கருநிரலுக்கு முற்பட்டதாதலின் அது பேசாது. ஆனால் ஓர் ஒலிக்குறி எழுப்பும்படி அதனை அமைத்துவிடலாம். ஒலி கேட்டவுடன் கீழம்பு விசையை இத்தனை முறை அழுத்தி நுழைவு விசையைத் தட்டினால் பழைய கருநிரல் எழும் என்று விரல் எண்ணிக்கையாலேயே கற்றுக்கொள்வர். பார்வையற்றோர் தம் வீட்டுப் படிகளை எண்ணி வைத்திருப்பது போன்றதே இது.

எழுந்தபின் படிக்கும் முறை எளிது. விசைப்பலகையின் வலப்புற எண்தொகுதியே ஏடு. 8 நடப்பு வரியைப் படிக்கும்; 7 முந்தைய வரி; 9 அடுத்த வரி. நடுவரிசையில் 5 நடப்புச் சொல். 4, 6 அதன் இருபுறச் சொற்கள். கீழ்வரிசை 1, 2, 3 அவ்வாறே எழுத்துகளுக்கு. வரி மேலே, சொல் நடுவே, எழுத்து அடியில். இலக்கண நூலில் எழுத்து, சொல் என்று அடியிலிருந்து ஏறுவதை இங்கே விரல் செய்கின்றது!

எழுத்து என்றவுடன் சிக்கல் தொடங்குகின்றது. எவ்வெழுத்து?

இலினக்சின் எழுத்துமுனையம் ஒரு நேரத்தில் 256 அல்லது 512 எழுத்துருக்களையே தாங்கும். மேலைநாட்டு எழுத்துக்காக வகுத்த கட்டம் அது. தமிழ் வரி ஒன்று அங்கே வந்தால், எழுத்துருவில் இல்லாத எழுத்தென்று ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரே மாற்றுக்குறி நிற்கும். திரை நினைவகம் எழுத்தைச் சேர்த்துவைக்கவில்லை. எழுத்துருவின் எண்ணையே சேர்த்துவைத்தது. எழுத்துருவில் இல்லாத எழுத்து நினைவிலும் இல்லாது போயிற்று. கண்ணுக்குத் தெரியாதது செவிக்கும் கேளாதாயிற்று! சுபீக்கப்பும் நெடுங்காலம் மேலை ஐரோப்பிய எழுத்துகளையன்றி வேறறியாததாயிருந்தது. 2017-ஆம் ஆண்டில் அதற்கு ஒருங்குறி வாயில் ஒன்று திறக்கப்பெற்றது. 2018-இல் வெளியான 4.19-ஆம் கருநிரலில், திரையில் காட்ட இயலாவிடினும் எழுத்தை அதன் ஒருங்குறி வடிவிலேயே நினைவில் வைக்கும் ஏற்பாடு வந்தது. அதனைக் கேட்டுப் பெற்றது தமிழரோ சீனரோ அல்லர். புடைப்புள்ளி எழுத்துக் கருவிகளுக்கு நிரல் எழுதுவோர், விரல்முனையில் உண்மையான எழுத்து வந்து சேர வேண்டுமே என்று செய்த பணி அது. பார்வையற்றோர்க்கென வெட்டிய வாய்க்காலில் தமிழுக்கும் நீர் வந்தது.

வாயில் திறந்தபின் குரல் வேண்டும். ஈசுபீக்கு என்னும் அக்குரல்நிரலை எழுதியவர் இங்கிலாந்தின் சோனாதன் தத்திங்டன். 2006-இல் பன்மொழி நிரலாக அது வெளிவந்தது. தமிழும் அதில் உண்டு. மாந்தர் குரலைப் பதிந்து வெட்டி ஒட்டுவதில்லை அது. ஒலியலைகளைத் தானே கணக்கிட்டு ஆக்குகின்றது. ஆகவே மிகச் சிறிது, எப்பொறியிலும் அமரும். கேட்போர்க்கு முதலில் தகரத்தில் தட்டுவது போலிருக்கும். எனினும் பழகிய பார்வையற்றோர் பலர் அதனையே விரும்புகின்றனர். மாந்தர் பேசும் விரைவைப் போல் இருமடங்கு, மும்மடங்கு விரைவிலும் அது சொல் சிதையாமல் பேசும்.

அக்குரலுக்குத் தமிழ் எங்ஙனம் கற்பிக்கப்படுகின்றது தெரியுமா? விதிகளால்! தமிழில் ககரம் ஒன்றே. 'கடல்' என்பதில் வல்லொலி. 'தங்கம்' என்பதில் மெல்லினத்தை அடுத்து அது நெகிழ்கின்றது. 'பகல்' என்பதில் உயிர்களுக்கு இடையே மேலும் மென்மையாகின்றது. 'பக்கம்' என்பதில் இரட்டித்து மீண்டும் வல்லென்று ஒலிக்கின்றது. எழுத்து மாறவில்லை, இடம் மாற ஒலி மாறுகின்றது. 'வருக்கத்துக்கு நான்கெழுத்து இல்லையே, தமிழ் குறையுடைய மொழி' என்று எள்ளி நகையாடியோர் இந்நாட்டில் இருந்தனர். இன்று நிரல் எழுதுவோர்க்கு அஃதொரு குறையாகத் தோன்றவில்லை. சில வரி விதிகளால் பொறிக்குச் சொல்லிவிடுகின்றனர். பொறியும் தவறாமல் ஒலிக்கின்றது.

குற்றியலுகரத்தைப் பாருங்கள். 'நாடு' என்பதன் ஈற்றுகரம் குறுகும். 'நடு' என்பதன் ஈற்றுகரம் குறுகாது. தனிக்குறிலை அடுத்து வந்த வல்லின உகரம் முற்றியலுகரம் என்று ஏழாம் வகுப்பில் ஒப்பித்து, இது எதற்கு என்று மாணவர் முணுமுணுத்த அதே விதி, பொறிக்கு அப்படியே பொருந்துகின்றது. எழுத்தை எண்ணிப் பார்த்தே அது முடிவு செய்யலாம், பொருள் அறியவேண்டுவதில்லை. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியை விரித்துரைத்ததும் இங்கே பயன்படுகின்றது. 1330 என்னும் எண்ணைக் கண்டால் 'ஆயிரம் முந்நூறு முப்பது' என்று உதிர்க்கும் பொறிக்கு, 'ஆயிரத்து முந்நூற்று முப்பது' என்று சேர்த்துச் சொல்லக் கற்பிக்க வேண்டும். 1974-இல் என்று அச்சிட்டால் 'எழுபத்து நான்கில்' என்று படிக்கத் தெரியவேண்டும். நூறு ஏன் தொள்ளாயிரத்தில் ஆயிரமாகின்றது என்று பொறி கேட்காது. விதிவிலக்கென்று எழுதிவைத்தால் ஏற்றுக்கொள்ளும்.

பொறி எங்கே தடுமாறுகின்றது? பிறமொழிச் சொல்லில்! 'பத்து' என்பதன் பகரத்தைச் சரியாக ஒலிக்கின்றது. 'பசு' என்றால் மாடு. அதே எழுத்துகளால் பேருந்தை ஆங்கிலப்படி எழுதிவிட்டால் அதற்கும் மாடே! 'பாவம்' என்றெழுதினால் தீவினையா, முகக்குறிப்பா? விதியால் ஆகாது; ஒவ்வொரு சொல்லுக்கும் தனியே அகரவரிசையில் ஒலிப்புக் குறித்து வைக்கவேண்டும். கலப்புநடையில் எழுதப்பெற்ற செய்தித்தாளைக் கேட்கும்போதுதான் குரல் திணறுகின்றது. தனித்தமிழ்ப் பத்தி ஒன்றை அப்பொறியிடம் கொடுத்துக் கேளுங்கள். ஓரளவு வழுக்கிச் செல்லும். ஆனால் அதற்காகப் பெரிதும் மார்தட்ட வேண்டா. சொல்முதற் சகரத்தை எங்ஙனம் ஒலிப்பது என்பதில் தமிழாசிரியர்களே நெல்லையில் ஒருவாறும் தஞ்சையில் ஒருவாறும் நிற்கின்றனர். பொறிக்கு எதைச் சொல்வது?

குரலின் இனிமை நாடி உழைத்தோரும் உளர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அ.க. இராமகிருட்டிணன் குழுவினர் ஆக்கிய தமிழ்ப் பேச்சாக்கிக்குத் 'திருக்குறள்' என்றே பெயரிட்டு, 2001-ஆம் ஆண்டு கோலாலம்பூர்த் தமிழ் இணைய மாநாட்டில் அதனை எடுத்துரைத்தனர். 2009-இல் கிண்டித் தொழில்நுட்பக் கழகத்தைத் தலைமையாகக் கொண்டு பல நிறுவனங்கள் கூடி, நடுவண் அரசின் பொருளுதவியால், தமிழ் உள்ளிட்ட ஆறு மொழிகளுக்குப் பேச்சாக்கி அமைக்கத் தொடங்கின. மாந்தர் பேசிப் பதிந்த குரலை அசையசையாகப் பகுத்துக் கோக்கும் முறை அது, அங்கும் அசையே! இலினக்சின் வரைகலைத் திரைபடிப்பானாகிய 'ஓர்க்கா'வோடும் என்.வி.டி.ஏ.-யோடும் அக்குரல்கள் இணைக்கப்பெற்றன. இப்பழைய மாமல்லைச் சாலையில் தெற்கே சென்றால் காலவாக்கம். அங்குள்ள எசு.எசு.என். பொறியியற் கல்லூரியிலும் தமிழ்க்குரல் ஆக்கும் பணி நடந்தது. வடக்கே, தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி நிற்கும் தரமணித் தைடல் பூங்காவில், நடுவண் அரசின் உயர்நிலைக் கணிப்பியல் வளர்ச்சி நடுவத்தின் சென்னைப் பிரிவு 2007-இல் 'பாசு' என்னும் இலினக்சுத் தொகுதியை வெளியிட்டது. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கியபோது அவற்றுள் அத்தொகுதியும் விண்டோசும் அருகருகே இருந்தன.  ஆயினும் மாணவர் பலர் அப்பொறியில் இலினக்சு என்றொன்று இருந்ததையே அறியாமல் பள்ளி முடித்தனர். 

'பாசு'வுக்குத் தாயான தெபியன் தொகுதியில் 2013-ஆம் ஆண்டின் 7-ஆம் பதிப்பு முதல் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. நிறுவுவட்டினை இட்டுப் பொறியை எழுப்பினால் ஓர் ஒலி கேட்கும். அப்பொழுது ஆங்கில 'எசு' விசையை அழுத்தி நுழைவு விசையைத் தட்டினால், நிறுவும் வினாக்கள் ஒவ்வொன்றையும் பொறி பேசிக்காட்டும். உள்ளே பேசுவது சுபீக்கப்பு. பார்வையற்றவர் ஒருவர், எவர் உதவியுமின்றி, வெற்றுப்பொறியில் இயங்குதளத்தைத் தாமே நிறுவிக்கொள்ளலாம். முன்னாளில் ஒட்டுநிரலை ஒட்டித் தொகுத்தோர் பட்ட பாட்டின் பயன் இது. இன்று தாமே கருநிரலைத் தொகுக்கவேண்டிய தேவை பலர்க்கு இல்லை. புதுக் கருவிக்குரிய இயக்கி வேண்டுவோரும், பழம்பொறியில் சுமை குறைக்க விரும்புவோரும், கற்க விரும்புவோரும் தொகுப்பர். கற்க விரும்பும் பார்வையற்ற மாணவர் அதனைச் செய்ய முடியும் என்பது சிறிய செய்தியன்று.

இனிக் கசப்பான ஒன்று. குரல் உண்டு, வாயில் உண்டு. படிப்பதற்கு என்ன உண்டு? ஒருங்குறி பரவுமுன் ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்திருந்தது. பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கண்ணுக்குத் தமிழ் என்றே தெரியும். கோப்பினுள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். திரைபடிப்பான் அதனை எப்படிப் படிக்கும்? 'சே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி' என்று படிக்கும்! தமிழ் என்னும் பெயரே அங்ஙனம் சிதையுமாயின், முந்நூறு பக்க நூல் என்னாகும்? 2010-ஆம் ஆண்டு தமிழக அரசு ஒருங்குறியையும் அதனோடு தமிழ் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் ஏற்று ஆணையிட்டது. ஆணை இருக்க, இன்றும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் உலவுகின்றன. பிறரைச் சொல்வானேன்? தனித்தமிழ்க் கொள்கை பேசும் இதழ்களின் பழந்தொகுதிகளே வெறும் படங்களாக எடுக்கப்பெற்று வலையில் இடப்பட்டுள்ளன. படத்தைத் திரைபடிப்பான் படிக்காது. ஓர் அயற்சொல் கலவாமல் எழுதிய கட்டுரை, பார்வையற்ற தமிழ்மகன் ஒருவனுக்கு வெள்ளைத்தாளாக நிற்கின்றது. அவற்றை மீண்டும் ஒருங்குறியில் அடித்துத் தர எத்தனை கைகள் வேண்டும்! விடுமுறை நாளில் மாணவர் ஒவ்வொருவரும் நான்கு பக்கம் அடித்தால் ஓரிதழ் ஒரு வாரத்தில் முடியும்.

புலவர்க்கென மற்றொரு வேலையும் காத்திருக்கின்றது. சுபீக்கப்பு தானாகச் சொல்லும் சொற்கள் சில உண்டு: வெற்று வரி, திரையின் மேல் எல்லை, இன்ன விசை, இன்ன நிறம் என்பன. அவை ஆங்கிலத்தில் உள்ளன. ஆனால் கருநிரலைத் திருத்தாமலேயே, அதற்கென உள்ள சிறு கோப்புகளில் எழுதி அவற்றை வேறுமொழிக்கு மாற்றிக்கொள்ளும்படி அமைத்துள்ளனர். எழுத்துப்பெயர்க் கோப்பில் 256 இடங்களே உள்ளமையால் தமிழ் நெடுங்கணக்கு அதில் அடங்காது. நிறுத்தக்குறிகளும் எண்களும் அடங்கும். அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் இடுதல் எளிதென்று தோன்றும். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என அழகிய பெயர்கள் முன்னரே உள்ளனவே! ஆனால் இப்பெயர்கள் தாளில் ஒருமுறை காணப்படுவன அல்ல. ஒரு நாளில் ஆயிரம் முறை செவியில் விழுவன. கட்டளை வரி ஒன்றில் ஏழெட்டுப் புள்ளிகளும் சாய்கோடுகளும் வரும். ஒவ்வொரு முறையும் 'முற்றுப்புள்ளி, முன்சாய்கோடு' என்று குரல் நீட்டிக்கொண்டிருந்தால், கேட்பவர் ஒரு கிழமையில் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுவர். சொல்லாக்கம் செய்வோர் பெரும்பாலும் கண்ணை நினைத்தே சொல்லாக்குகின்றனர், நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. இங்கே ஈரசை, மூவசைக்குள் பெயர் வேண்டும். ஒன்றன் ஒலி மற்றொன்றோடு மயங்கவும் கூடாது. முற்றுப்புள்ளியைப் 'புள்ளி' என்று சுருக்கலாம் என்றால், மெய்யெழுத்தின் தலையில் நிற்பதும் புள்ளியே. 'முற்று' என்று சொல்லலாமா? சாய்கோட்டுக்குச் 'சாய்' போதுமா? அவ்வாறாயின் பின்சாய்கோட்டுக்கு என்ன பெயர்? அடிக்கோடு, இடைக்கோடு இரண்டும் விரைவில் கேட்கும்போது ஒன்றாக ஒலிக்குமா, ஒலிக்காதா? இவற்றை மேசையில் அமர்ந்து முடிவு செய்ய இயலாது. பூந்தமல்லிப் பார்வையற்றோர் பள்ளி போன்ற இடங்களில் பயில்வோர் நால்வரை அருகில் இருத்தி, குரலை இருமடங்கு விரைவில் ஓடவிட்டு, எது தெளிவாகக் கேட்கின்றது என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். பட்டியலில் மொத்தம் முப்பத்திரண்டு நிறுத்தக்குறிகள் உள்ளன.